385 தானியங்கள் கூடிப்போன சதுரங்கப் பலகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான கேள்வி-பதில் பகுதியில், சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானியமும், அடுத்தடுத்த கட்டங்களில் முந்தைய கட்டத்தைப் போல் இருமடங்குமாக வைத்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேர்த்து எத்தனை தானியங்கள் இருக்கும் என்ற பழைய கேள்விக்கு, 18446744073709552000 என்று விடை அச்சாகியிருந்தது. அதன் கீழே, இத்தனை பெரிய எண்ணின் காரணிகளைக் கணினியின் துணையின்றிக் காண இயலாது என்று ஒரு குறிப்பும் இருந்தது. விடையும் தவறு, குறிப்பும் தவறு. முதல் தவறு அச்சுக்குக் கொடுத்தவரின் அவசரத்தால் நேர்ந்ததாக இருக்கலாம். இரண்டாவது அப்படியன்று. ஓர் எண் பெரிதாக இருப்பதும் அதை அறிந்துகொள்வது கடினமாக இருப்பதும் ஒன்றே என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. அச்சில் வந்த குறிப்பு அதற்கு வலுச் சேர்ப்பதால்தான் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சரியான விடை 18446744073709551615. காற்புள்ளியிட்டு எழுதினால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுச் சொல்வதென்றால், ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்று ஐந்து லட்சத்து ஐம்பத்து ஓராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. தாங்கள் அச்சிட்ட எண் இதைவிட 385 கூடுதல். இத்தனை கோடியில் 385 கூடினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். தானியத்தை அளப்பவர் அப்படிக் கேட்டால் நியாயம்தான். எண்ணைப் பற்றிப் பேசுகிறவருக்கு அது பொருந்தாது, ஏனென்றால் அந்த 385 கூடியதும் இந்த எண்ணுக்கே உரிய பண்புகள் பலவும் அழிந்துபோகின்றன.

அச்சான விடை தவறு என்பதைக் காண எந்தக் கருவியும் தேவையில்லை. முதல் கட்டத்தில் மட்டுமே ஒற்றைப்படையாக ஒரு தானியம் இருக்கிறது. மற்ற 63 கட்டங்களிலும் இரட்டைப்படை. ஆகவே கூட்டுத்தொகை ஒற்றைப்படையாகத்தான் இருக்க முடியும். மூன்று சுழியங்களில் முடிவதற்கு வழியே இல்லை. அடுத்து, முதல் இரண்டு கட்டங்களில் 1, 2 என மூன்று தானியங்கள். அடுத்த இரண்டில் 4, 8 எனப் பன்னிரண்டு. அதற்கடுத்த இரண்டில் 16, 32 என நாற்பத்தெட்டு. இப்படி இரண்டிரண்டாக எடுத்தால் ஒவ்வொரு சோடியும் 3-இன் மடங்கு என்பதால் மொத்தமும் 3-ஆல் வகுபடும். சரியான எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது. அது 3-ஆல் வகுபடுகிறது. அச்சான எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 76, வகுபடவில்லை. நான்கு நான்கு கட்டங்களாக எடுத்தால் ஒவ்வொரு நான்கும் 15-இன் மடங்கு. ஒற்றைப்படையாகவும் 5-ஆல் வகுபடுவதாகவும் உள்ள எண் 5-இல் முடிந்தே ஆக வேண்டும். கடைசி இலக்கம் என்ன என்பதை, முழு எண்ணையும் கணக்கிடுவதற்கு முன்பே பலகையே சொல்லிவிடுகிறது.

தவறு எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பதும் எளிது. இருமடங்காகவே வளரும் தொடர் என்பதால், இந்த எண்ணை இரும முறையில் எழுதினால் 64 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், வேறெதுவும் இராது. பல கணினி நிரல்கள் எண்களை வைத்துக்கொள்ளும் வழக்கமான முறையிலோ 53 இரும இலக்கங்களுக்குத்தான் இடம் உண்டு. 9007199254740992-க்கு மேற்பட்ட ஒற்றைப்படை எண் எதையும் அம்முறையில் உள்ளபடி வைக்க முடியாது. அருகிலுள்ள ஏதேனும் ஓர் இரட்டைப்படை எண்ணாக அது முழுமைப்படுத்தப்படும். நம்முடைய எண் அப்படி ஒன்று கூடி, 2-இன் 64-ஆம் அடுக்கான 18446744073709551616 ஆகிவிடுகிறது. பிறகு அதைத் திரையில் காட்டும்போது, முதல் பதினேழு இலக்கங்களை முழுமைப்படுத்திக் காட்டிவிட்டு மிச்சத்தைச் சுழியங்களால் நிரப்பும் நிரல்கள் உண்டு. அங்கே இன்னொரு 384 கூடுகிறது. ஒன்றும் 384-உம் சேர்ந்தது 385. கணினிக்கு எண் தெரியாமல் போகவில்லை. கேட்டவர் முழு எண்ணாகக் கேட்கவில்லை, அவ்வளவே. கையால் கணக்கிட்டவர்கள் இந்தப் பிழையைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறிஞர் அல்பிரூனி இதே கூட்டுத்தொகையைக் கடைசி இலக்கம் வரை சரியாக எழுதிவைத்திருக்கிறார். அதற்கு 64 முறை இருமடங்காக்க வேண்டியதில்லை. 2-ஐ வர்க்கப்படுத்தினால் 4, அதை வர்க்கப்படுத்தினால் 16, பிறகு 256, 65536, 4294967296 என்று போய், ஆறாவது வர்க்கத்தில் 18446744073709551616 வந்துவிடும்; அதில் ஒன்றைக் கழித்தால் நமக்கு வேண்டிய எண். கடைசிப் பெருக்கல் ஒன்றுதான் சற்று நீளம். அதுவும் அரைப் பக்கத்துக்குள் அடங்கும்.

இனி, காரணிகளைக் காண இயலாது என்ற குறிப்புக்கு வருகிறேன். காரணிகளைத் தேடிப் போக வேண்டிய தேவையே இங்கு பெரும்பாலும் இல்லை, பலகையைப் பார்த்தாலே போதும். முதல் வரிசையில் எட்டுக் கட்டங்கள்: முதல் இரண்டில் 3, நான்கில் 3-இன் ஐந்து மடங்கு, அதாவது 15, எட்டிலும் சேர்த்து 15-இன் பதினேழு மடங்கு, அதாவது 255. இரண்டாம் வரிசையின் ஒவ்வொரு கட்டத்திலும், முதல் வரிசையில் அதற்கு நேராக உள்ள கட்டத்தைப் போல் 256 மடங்கு தானியம் இருப்பதால், இரண்டு வரிசைகளும் சேர்ந்தால் 255-இன் 257 மடங்கு, 65535. அடுத்த இரண்டு வரிசைகள் முதல் இரண்டைப் போல் 65536 மடங்கு என்பதால், நான்கு வரிசைகளும் சேர்ந்தால் 65535-இன் 65537 மடங்கு; அதுதான் பாதிப் பலகையின் கணக்கான 4294967295. மறுபாதி இதைப் போல் 4294967296 மடங்கு. எனவே முழுப் பலகை, பாதிப் பலகையின் 4294967297 மடங்கு. 64 கட்டங்களைப் பாதி பாதியாக ஆறு முறை பிரித்தால் ஒற்றைக் கட்டத்தில் வந்து நிற்போம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு காரணியாக 3, 5, 17, 257, 65537, 4294967297 என ஆறு காரணிகள் கைக்கு வந்துவிட்டன. இதற்கு நாம் ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை.

இந்த ஆறு எண்களும் கணித வரலாற்றில் புகழ்பெற்றவை. இரண்டின் அடுக்கோடு ஒன்றைக் கூட்டி வரும் இவ்வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று 1640-இல் ஃபெர்மா கருதினார். முதல் ஐந்தும் பகா எண்களே. ஆறாவதான 4294967297 பகு எண் என்பதை 1732-இல் ஆய்லர் காட்டினார். அது 641, 6700417 ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். பத்து இலக்க எண்ணொன்றின் காரணியை அவர் எப்படிக் கண்டார் என்பதுதான், தங்கள் குறிப்பை எழுதியவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, 2, 4, 8, 16 என்று இருமடங்காக்கிக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை எழுதினால், ஒரு கட்டத்தில் மீதி 1 வந்து, பிறகு அதே மீதிகள் அதே வரிசையில் மீண்டும் மீண்டும் சுற்றி வரும். அந்தச் சுற்றின் நீளம், பகா எண்ணில் ஒன்றைக் கழித்து வருவதை மீதியின்றி வகுக்கும். இது ஃபெர்மா அதே 1640-இல் கூறிய தேற்றத்திலிருந்து வருவது. இப்போது 4294967297-க்கு ஒரு பகாக் காரணி இருக்குமானால், அதைப் பொறுத்தவரை 2-இன் 32-ஆம் அடுக்கு ஒன்று குறையாக நிற்கிறது, அதாவது மீதி கழித்தல் ஒன்று. ஆகவே 64-ஆம் அடுக்கில்தான் மீதி முதன்முறையாக 1 ஆகும். சுற்றின் நீளம் 64. எனவே அந்தப் பகாக் காரணி 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று தொடர்கின்றன. (நடுவில் 385 நிற்பது வெறும் தற்செயல், தங்கள் அச்சுப் பிழையோடு அதற்குத் தொடர்பில்லை என்றாலும் பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது.) இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. 257-ஐயும் விட்டுவிடலாம், அது பாதிப் பலகையின் காரணி, 4294967297 என்பதோ பாதிப் பலகையைவிட இரண்டு கூடுதல், ஆகவே இரண்டையும் வகுக்கும் எந்த எண்ணும் 2-ஐயும் வகுத்தாக வேண்டும். மிஞ்சியவை நான்கு. நான்காவது வகுத்தலில் மீதி சுழியம் வந்துவிடுகிறது. ஃபெர்மாவின் ஊகத்தை வீழ்த்திய கருவி ஃபெர்மாவின் தேற்றமே என்பதும், அந்த நான்கு வகுத்தல்களை அவர் ஏன் செய்து பார்க்கவில்லை என்பதும் இந்த வரலாற்றைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பளிப்பவை.

வகுத்தலும் வேண்டாம் என்போருக்கு இன்னொரு வழி இருக்கிறது. 641 என்பது 640-ஐவிட ஒன்று கூடுதல். 640 என்பது 5-ஐயும் 2-இன் ஏழாம் அடுக்கையும் பெருக்கி வருவது. அதே 641, 625-உம் 16-உம் சேர்ந்தது. அதாவது 5-இன் நான்காம் அடுக்கும் 2-இன் நான்காம் அடுக்கும். 641-ஆல் வகுக்கும்போது 640 கழித்தல் ஒன்றுக்குச் சமம் என்பதால், 640-இன் நான்காம் அடுக்கு ஒன்றுக்குச் சமம். அந்த நான்காம் அடுக்கு என்பது 625-ஐயும் 2-இன் 28-ஆம் அடுக்கையும் பெருக்கி வருவது. 625-க்குப் பதிலாகக் கழித்தல் 16 என்று எழுதினால், கழித்தல் குறியோடு 2-இன் 32-ஆம் அடுக்கு ஒன்றுக்குச் சமமாகிறது. ஆக, அந்த அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 641-ஆல் மீதியின்றி வகுபடும். எழுதுகோலைக் கையில் எடுக்காமலே மனத்துக்குள் முடித்துவிடக்கூடிய நிரூபணம் இது.

எஞ்சிய 6700417 பகா எண்தானா என்ற கேள்வி எழும். பின்னாளில் லூக்காஸ், இத்தகைய காரணிகள் 64-இன் மடங்கைவிட மட்டுமன்றி 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்று நிறுவினார். 6700417-இன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குள் இந்த வடிவத்தில் வரும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தே. 257 முன்பே விலகிவிட்டது. மற்ற நான்கால் வகுத்தால் முறையே 44, 120, 334, 622 மீதி வருகிறது. வேறு சோதனை தேவையில்லை. 6700417 பகா எண்ணே. ஆகவே சதுரங்கப் பலகை எண் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 ஆகிய ஏழு பகா எண்களின் பெருக்கற்பலன். எந்தக் காரணியும் இரண்டு முறை வரவில்லை என்பதால் அதன் வகுத்திகள் மொத்தம் 128. இருபது இலக்க எண் ஒன்றை ஒரு மாலைப்பொழுதுக்குள், காகிதமும் எழுதுகோலும் மட்டும் கொண்டு முற்றிலும் பிரித்துவிட்டோம்.

பாதிப் பலகையின் எண்ணான 4294967295 பற்றியும் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கவராயமும் அளவுக்குறியற்ற நேர்விளிம்பும் மட்டும் கொண்டு வரையக்கூடிய ஒழுங்குப் பலகோணங்கள் எவை என்ற கேள்வி, 17 பக்கங்கள் கொண்ட பலகோணத்தை அவ்வாறு வரைய முடியும் என்று 1796-இல் காஸ் கண்டதிலிருந்து புது வடிவம் பெற்றது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது ஃபெர்மா வகைப் பகா எண்களில் வெவ்வேறானவற்றைப் பெருக்கி வருவதாக இருக்க வேண்டும். வேறெதுவும் ஆகாது என்பதை 1837-இல் வான்செல் முழுமையாக நிறுவினார். இதுவரை தெரிந்த ஃபெர்மா வகைப் பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்து மட்டுமே என்பதால், தெரிந்தவரை ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணங்கள் 31 வகைதான் இப்படி வரையத்தக்கவை; அவற்றில் மிகப் பெரியதன் பக்கங்கள் 4294967295. பாதிப் பலகைத் தானியங்களின் எண்ணிக்கையும் அதுவே. 65537 பக்கப் பலகோணத்துக்கான வழிமுறையை எழுதுவதிலேயே ஹெர்மெஸ் என்பவர் பத்து ஆண்டுகளைச் செலவிட்டார். பாதிப் பலகைப் பலகோணத்தை வரைய முற்படுபவருக்கு என் அனுதாபங்கள். முழுப் பலகைக்கு இந்தப் பெருமை கிடையாது, 641 குறுக்கே வந்து நிற்கிறது.

இரண்டாவது செய்தி இன்னும் நயமானது. முதல் நான்கு கட்டங்களின் கூட்டுத்தொகை 15. 1 முதல் 15 வரையுள்ள எண்களில் 15-உடன் 1 தவிர வேறு பொது வகுத்தி இல்லாதவை 1, 2, 4, 7, 8, 11, 13, 14 என எட்டு. நான்காம் கட்டத்தில் இருக்கும் தானியங்களும் எட்டு. முதல் வரிசையின் 255-க்கு இதே கணக்கைச் செய்தால் 128 வரும்; அது எட்டாம் கட்டத்தின் தானியம். பாதிப் பலகைக்குச் செய்தால் 2147483648. அது சரியாக 32-ஆம் கட்டத்தின் தானியம். எந்தப் பகாக் காரணியும் இரண்டு முறை வராத எண்ணுக்கு, காரணி ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கினால் இந்த எண்ணிக்கை கிடைத்துவிடும். ஃபெர்மா வகைப் பகா எண் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் இரண்டின் தூய அடுக்கு வருவதே இந்த ஒழுங்குக்குக் காரணம். முழுப் பலகைக்கு வந்தவுடன் இந்த ஒழுங்கு முறிந்துவிடுகிறது. 64-ஆம் கட்டத்தின் தானியத்துக்குச் சமமாக இருக்க வேண்டியது குறைந்துபோகிறது, ஏனெனில் 640-ஐயும் 6700416-ஐயும் பெருக்கினால் 4288266240-தான் வரும், வேண்டியிருந்தது 4294967296. ஃபெர்மாவின் ஊகம் மெய்யாகியிருந்தால் பலகை முழுவதும் இந்த ஒழுங்கு நிலைத்திருக்கும்.

பெரிய எண்கள் எல்லாமே இப்படிக் கை கொடுக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பலகைக்கு 61 கட்டங்களே இருந்திருந்தால் கூட்டுத்தொகை 2305843009213693951 ஆகியிருக்கும். அது பகா எண் என்று 1883-இல் பெர்வூஷின் காட்டினார். பிரிப்பதற்கே அதில் ஒன்றுமில்லை. 67 கட்டங்கள் இருந்திருந்தால் கூட்டுத்தொகை 147573952589676412927. சதுரங்க எண்ணைவிட ஏறத்தாழ எட்டு மடங்குதான் பெரிது, ஓர் இலக்கம்தான் கூடுதல். மெர்சென் 1644-இல் அதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். அது பகு எண் என்று 1876-இல் லூக்காஸ் நிறுவினார், ஆனால் காரணிகள் எவை என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. 193707721, 761838257287 என்ற இரண்டு காரணிகளை 1903-இல்தான் கோல் அறிவித்தார். மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகளை அவர் அதற்காகச் செலவிட்டதாகச் சொல்லப்படுவதுண்டு. 64 பாதி பாதியாகப் பிரிந்துகொண்டே போகிறது. 67 பகா எண் என்பதால் அதன் பலகையை எந்தச் சம பங்காகவும் வெட்ட முடியாது. ஒன்று ஒரு மாலையில் முடிந்ததற்கும் மற்றது 259 ஆண்டுகள் காக்க வைத்ததற்கும் காரணம் இதுவேயன்றி எண்ணின் பருமன் அன்று. தங்கள் குறிப்பை எழுதியவர் 67 கட்டங்களைப் பற்றி எழுதியிருந்தால் நான் மறுப்பெழுத முன்வந்திருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எண்ணைத் திரையிலிருந்து நகலெடுக்காமல், இருபது இலக்கங்களையும் இக்கடிதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து அச்சிட வேண்டுகிறேன். இடம் போதாதெனில் ஏழு பகாக் காரணிகளை மட்டும் அச்சிட்டாலும் போதும். ஐயமுள்ள வாசகர்கள் பெருக்கிப் பார்த்துக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்